கலப்பத்து அடித்த கோழிக்கூடு

கோழி வளர்க்கலாம் என்று முதலில் சொன்னது நான்தான். அதனால் யாரையும் குறை சொல்ல எனக்கு வாயில்லை. எனக்குக் கோழியைக் குழம்பில் பிடிக்கும், கொல்லையில் பிடிக்காது. கழுவிக் கவிழ்த்த பாத்திரத்தின் மேல் ஏறி நின்றுகொண்டு, வீட்டுக்காரியைப் பார்த்தே முறைக்கிற பிராணி அது. அப்படிப்பட்ட நான் போய் பக்கத்துவீட்டு மதினியிடம், அடுத்த தடவை அடை வைக்கும்போது எனக்கும் நாலு குஞ்சு வேண்டும் என்று கேட்டேன் என்றால், எங்கள் வீட்டு நிலைமை அந்த அளவுக்கு முற்றியிருந்தது.

என் வீட்டுக்காரர் தோணியில் ஓடியவர். தோணி என்றால் துடுப்புப் போடுகிற சின்னப் படகு அல்ல. தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவுக்குக் காய்கறியும் சிமெண்டும் செங்கல்லும் ஏற்றிப் போகிற பெரிய மரக்கலம். கல்யாணம் ஆன நாளிலிருந்து இவர் பாதி நாள் கடலில் இருப்பார், மீதி நாள் வீட்டில் உட்கார்ந்து கடலைப் பற்றி அளந்துகொண்டிருப்பார். பேச்சை நிறுத்தவே தெரியாத மனிதர். சாப்பிடும்போதாவது சும்மா இருங்களேன் என்று எத்தனையோ தடவை சத்தம் போட்டிருக்கிறேன்.

கடைசியாகப் போன பயணத்தில் தோணி முழுகிவிட்டது. அந்த வழியாக வந்த ஒரு கப்பல் இவர்களை ஏற்றிக்கொண்டது. ஒருவர் மட்டும் வரவில்லை. அவர் தோணியில் சோறாக்குகிறவர், பண்டாரி என்பார்கள். உடலும் கிடைக்கவில்லை. எப்படி முழுகியது, பண்டாரி எப்படிப் போனார் என்று வீட்டுக்கு வந்த பிறகு இவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதைப் பற்றி மட்டுமல்ல, எதைப் பற்றியும் பேசவில்லை. குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டால் எழுந்துபோய்த் திருகி மூடுவார். மூடிவிட்டு அங்கேயே நிற்பார். நான் வாளியை நிரப்பி வைத்துவிட்டு வெளியே வந்தால்தான் குளிக்கப் போவார்.

டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். மாத்திரை உங்கள் கையில் இருக்கட்டும், ஆளைத் தனியாக விடாதீர்கள், பேச வையுங்கள், கைக்கு ஒரு வேலையும் பார்த்துக்கொள்ள ஏதாவது ஓர் உயிரும் இருந்தால் நல்லது என்றார். அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று எனக்குப் புரிந்தது. ஒரு நாள் நான் கடைக்குப் போய்விட்டுத் திரும்பி வரும்போது இவர் இருக்க மாட்டார் என்பதுதான் அன்றிலிருந்து என் பயம். கத்தரிக்காய் வாங்கும்போதும் அதே பயம், கோயிலில் முழங்காலில் நிற்கும்போதும் அதே பயம். வாய்விட்டுச் சொன்னால் பலித்துவிடும் என்று யாரிடமும் சொல்லவில்லை.

நாய் இவருக்கு ஆகாது. ஆடு கட்ட இடம் கிடையாது. கடைசியில் கோழிதான் மிஞ்சியது.

மதினியின் பெட்டைக்கோழி அடையில் உட்கார்ந்த அன்று, சாப்பாட்டுத் தட்டை வைத்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னேன். குஞ்சு பொரிந்ததும் தருவாள், கடையில் ஒரு கம்பிக்கூடு வாங்கிவிடலாம் என்றேன். இவர் தலையை நிமிர்த்தினார்.

"கூடு நான் செய்யுதேன்" என்றார்.

அந்த மூன்று வார்த்தையைக் கேட்டு நான் குசினிக்குள் போய் அழுதேன். சந்தோஷத்தில்தான் அழுதேன்.

மறுநாளே சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினார். தனியாக விடக்கூடாதே என்று நானும் பின்னால் ஏறிக்கொண்டேன். பழைய தோணிகளைப் பிரித்துப் போடுகிற இடத்துக்குப் போய், மீனெண்ணெய் குடித்துக் கறுத்துப்போன பலகைகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துப் பொறுக்கினார். மூட்டை ஏற்றுகிற வண்டியில் அவை வீடு வந்து சேர்ந்தன. கொல்லையில் வேலை தொடங்கியது. நான் என் பங்குக்குக் குருணை வாங்கி டப்பாவில் போட்டு வைத்தேன். கடற்கரையில் சிப்பி பொறுக்கி வந்து இடித்துத் தூளாக்கினேன். முட்டை ஓடு கெட்டியாக இருக்கும் என்று மதினி சொல்லியிருந்தாள். குஞ்சே வரவில்லை, அதற்குள் முட்டை ஓட்டுக்குக் கவலை. என்னை நினைத்து எனக்கே சிரிப்பு வந்தது. வெகுநாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு.

கூடு உயரமான நாலு கால்மேல் எழும்பியது. அதில் எனக்குச் சந்தேகம் வரவில்லை. எங்கள் தெருவில் வெள்ளம் புகுந்த வருடம் மதினியின் கோழிகள் கூட்டோடு மிதந்ததை எல்லோரும் பார்த்திருக்கிறோம். இவர் அதை மனதில் வைத்துத்தான் செய்கிறார் என்று நினைத்தேன். ஆனால் பலகையோடு பலகையை ஒட்டி, நூல் நுழைய இடமில்லாமல் இழைத்து இழைத்துச் சேர்த்துக்கொண்டே போனார். மதினி மதில்மேல் தலையை வைத்துப் பார்த்தாள்.

"அண்ணன் கட்டுத கூட்டுல நானே குடிவந்துரலாம் போலயே மதினி. எங்க வீட்டு மனுசன் குறட்டைக்கு எனக்கும் ஒரு இடம் வேணும்" என்றாள்.

நான் சிரித்தேன். இவர் சிரிக்கவில்லை.

"கொஞ்சம் இடுக்கு விட்டா என்ன?" என்று நான் கேட்டேன்.

"இடுக்கு விட்டா தண்ணி வரும்."

"மழைத்தண்ணி மேல இருந்துதான வரும்? பக்கத்துல விடுங்க."

"அடியில இருந்து வரும்" என்றார். என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெயில் காய்ந்த நாள் அது. தரை பாளம்பாளமாக வெடித்துக் கிடந்தது.

அதற்குப் பிறகு பஞ்சு வந்தது. தோணியில் இரண்டு பலகை சேருகிற இடுக்கில் பஞ்சுத்திரியை உளி வைத்து அடித்து இறக்குவார்கள். அதன்மேல் குங்கிலியத்தையும் எண்ணெயையும் காய்ச்சிப் பூசுவார்கள். தண்ணீர் கசியாது. அதற்குக் கலப்பத்து என்று பெயர். கோழிக்கூட்டுக்குக் கலப்பத்து அடித்த ஒரே ஆள் இந்தக் கடற்கரையில் என் வீட்டுக்காரராகத்தான் இருப்பார். கொட்டாப்புளி என்கிற மரச்சுத்தியலை எடுத்துக்கொண்டு விடிந்ததும் உட்கார்ந்தார் என்றால் சாப்பிடக் கூப்பிட்டால்தான் எழுந்திருப்பார். டொக் டொக் என்று தெரு முழுக்கக் கேட்டது. அந்தச் சத்தம் கேட்கிற வரைக்கும் ஆள் இருக்கிறார் என்று நான் நிம்மதியாக மீன் கழுவினேன். அது நின்றால் கையைத் துடைத்துக்கொண்டு ஓடினேன்.

பண்டாரியின் மனைவி திரேஸ்புரத்திலிருந்து ஒரு நாள் வந்தாள். அவருக்காகக் கோயிலில் பூசை வைத்திருக்கிறாள், சொல்ல வந்தாள். காப்பியைக் கையில் வாங்கினாள், குடிக்கவில்லை.

"அண்ணன்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கணும்க்கா. அவரு கடைசியா என்னமும் சொன்னாராண்ணு" என்றாள்.

கொல்லையில் கொட்டாப்புளிச் சத்தம் ஓங்கியது. நான் எழுந்துபோய்க் கூப்பிட்டேன். திரும்பவே இல்லை, அடித்துக்கொண்டே இருந்தார். அவளும் என் பின்னால் வந்து நின்றிருக்கிறாள். கறுப்பாக, மூடியோடு, மினுமினுவென்று நின்ற அந்தப் பெட்டியைப் பார்த்தாள்.

"யாருக்குக்கா இது?"

"கோழிக்கு" என்றேன்.

அவள் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். கல்லறையில் வைக்க அவளுக்கு ஒரு பெட்டிகூடக் கிடைக்கவில்லை. அந்த நேரத்தில் கோழி என்ற சொல்லைச் சொன்ன என் நாக்கை அறுத்துப் போடலாம் போல இருந்தது. அவள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

கதவுக்குச் சைக்கிள் டியூபை வெட்டி ஓரம் சுற்றி ஒட்டியதோடு கூடு முடிந்தது. அன்று இவரே குழாயைத் திறந்தார். குடம் குடமாகப் பிடித்துக் கூட்டின் தலைமேல் ஊற்றினார். அப்புறம் பக்கவாட்டில் அடித்தார், கீழே படுத்துக்கொண்டு அடியிலும் வீசினார். கதவைத் திறந்து உள்ளே கையை விட்டுத் தடவி, அந்தக் கையை என் கன்னத்தில் வைத்தார்.

"பாரு. ஒரு சொட்டு இல்ல."

சிரித்தார். தோணி முழுகியதற்குப் பிறகு நான் பார்த்த முதல் சிரிப்பு. இவர் திரும்பி வந்துவிட்டார் என்று நான் நம்பிவிட்டேன். ஆனால் சிரித்துக்கொண்டே கூட்டைச் சுற்றிச் சுற்றி வந்தவர், குஞ்சு எப்போது வரும் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் மதினி தன் வீட்டு வாசலுக்கு என்னைக் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"குஞ்சு பொரிஞ்சாச்சு மதினி. நாளைக்கு மத்தியானத்துக்கு மேல கொண்டாந்து தாரேன். ஆனா ஒண்ணு கேக்கேன், கோவிச்சுக்கிடாதிய. அந்தக் கூட்டுல காத்து எங்கன போவும்?"

எனக்கு உறைத்தது. இத்தனை நாள் தண்ணீர், தண்ணீர் என்று இவரோடு சேர்ந்து நானும் காற்றை மறந்துபோயிருந்தேன். தூத்துக்குடி புழுக்கத்தில் அந்தப் பெட்டிக்குள் குஞ்சை விட்டுக் கதவை அடைத்தால் பொழுது விடிவதற்குள் மூச்சு முட்டிச் செத்துவிடும். இவர் கட்டிய கூட்டில், இவர் கண்முன்னால் சாகும். அதற்கப்புறம் இவரை நான் எதைக் கொண்டு பிடித்து வைப்பேன்? கூடு உதவாது என்று சொன்னாலும் அதே கதிதான். சொல்லலாமா வேண்டாமா என்று மறுநாள் மத்தியானம் வரைக்கும் மனதுக்குள் மல்லுக்கட்டிவிட்டு, சாப்பாடு முடிந்ததும் சொன்னேன்.

"நல்லா செஞ்சிருக்கிய. மேலாப்புல நாலு ஓட்டை மட்டும் போட்டுருங்க. குஞ்சு மூச்சு விடணும்லா."

இவர் எழுந்து கொல்லைக்குப் போனார். நானும் போனேன். கூட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு, நான் கேட்காமலே, பலகையிடம் சொல்வதுபோலச் சொன்னார்.

"அடிப்பலகை விட்டுப்போச்சு. பண்டாரிதான் பஞ்சும் உளியும் எடுத்துக்கிட்டு கீழ இறங்குனான். நான் அடச்சிருதேன், நீங்க தண்ணிய இறைங்கன்னான். நாங்க இறைச்சோம். தோணி சாஞ்சுது. எல்லாரும் குதிங்கன்னு தண்டல் சொல்லிட்டாரு. நான் குனிஞ்சு கூப்பிட்டேன். அவனுக்குக் கேக்கல. அடிச்சிக்கிட்டே இருந்தான். நான் குதிச்சிட்டேன்."

தண்டல் என்றால் தோணியின் தலைவர். அவர் சொன்னால் குதிக்கத்தான் வேண்டும். யாராக இருந்தாலும் குதித்திருப்பார்கள். அதை நான் சொன்னேன், கையைப் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்பச் சொன்னேன். இவர் கேட்டுக்கொண்டாரா என்று தெரியாது. பேசிவிட்டாரே, இனிமேல் சரியாகிவிடும் என்று என் மடமனசு நினைத்தது. டாக்டரும் பேச வையுங்கள் என்றுதானே சொன்னார்? மதினி வேறு வந்துவிடுவாள். உள்ளே போய் டிரில்லை எடுத்து வந்து, வயரை ஜன்னல் வழியாக மாட்டி, கூட்டின் மேல் ஓரத்தில் நானே ஓர் ஓட்டை போட்டேன்.

இவர் பாய்ந்து வந்து அதை உள்ளங்கையால் அடைத்தார்.

"கைய எடுங்க."

எடுக்கவில்லை. நான் மறுபக்கம் போய் இன்னொன்று போட்டேன். மற்றக் கையை எட்டி அதையும் அடைத்தார். இரண்டு கையையும் விரித்துக் கூட்டைக் கட்டிப்பிடித்தபடி, நெஞ்சு பலகையில் அழுந்த நின்றார். பல் கிட்டிக்கொண்டு நடுங்கினார். நட்டநடு வெயில். சட்டை முழுக்க வேர்த்திருந்தது.

"கைய எடுங்க. இது கோழிக்கூடு."

"எடுத்தா எல்லாரும் போயிருவோம் ஏளா."

வாசலில் மதினியின் குரல் கேட்டது. கூடைக்குள் குஞ்சுகள் கீச்சுக்கீச்சென்று கத்தின. நான் போய்க் கதவைப் பாதி திறந்து, இப்போது வேண்டாம், கொண்டுபோய்விடுங்கள் என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கூடையோடு திரும்பினாள்.

திரும்பி வந்தேன். இவர் அப்படியே நின்றுகொண்டிருந்தார். என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. மிச்சமிருந்த பஞ்சைத் திரித்து, இவர் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கி, நான் போட்ட ஓட்டைகளை நானே உளி வைத்து அடைத்தேன். கொட்டாப்புளியை எப்படிப் பிடிக்க வேண்டும் என்பது இவர் செய்வதைப் பார்த்துத் தெரிந்துகொண்டதுதான். இறுக்கி அடி, இன்னும் இறுக்கி அடி என்று மெல்லச் சொல்லிக்கொண்டே இருந்தார். அடித்தேன். இரண்டும் அடைபட்டதும் கைகளைத் தொங்கவிட்டார். நடுக்கம் நின்றது. எனக்கும் மூச்சு வந்தது. கொட்டாப்புளியைத் தரையில் வைத்துவிட்டு, வாருங்கள், முகம் கழுவலாம் என்று தோளைத் தொட்டேன்.

இவர் வரவில்லை. மண்டியிட்டு, கூட்டின் அடிப்பலகையில் காதை வைத்தார். பிறகு விரலை உதட்டில் வைத்து என்னிடம் சத்தம் போடாதே என்று காட்டினார்.

"அடிக்கான்" என்றார். "இன்னும் அடிச்சிக்கிட்டுத்தான் இருக்கான்."