சாய்வு நாற்காலிக்குக் கேட்ட விலை

பழைய சாமான் வாங்குவதில் நான் கெட்டிக்காரன் என்று திருவாரூரில் எனக்கொரு பெயர் உண்டு. பள்ளியில் இயற்பியல் நடத்தியபோதுகூட அவ்வளவு நல்ல பெயர் எடுத்ததில்லை. வீட்டைக் காலி செய்பவர்களுக்கு அவசரம். எனக்கோ பென்ஷன், பொறுமை இரண்டும் உண்டு. என் வீட்டு பீரோ, மின்விசிறி எல்லாம் அப்படி வந்தவைதான்.

வயலில் உளுந்தெல்லாம் எடுத்து முடிந்த ஒரு சித்திரையில் நன்னிலத்தில் ஒரு வீட்டுக்குப் போனேன். கணவன் துபாயில். மாமனார் காலமாகியிருந்தார். பிள்ளையின் படிப்புக்காகத் தஞ்சாவூருக்குக் குடிபோகிறார் அந்தப் பெண். சாமான்களை விற்றுத்தான் புது வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்க வேண்டும். எதிர்வீட்டு அம்மாளும் அங்கே நின்றிருந்தார். கட்டிலைத் தான் எடுத்துக்கொள்வதாகப் பேசி முடித்திருந்தார்.

எனக்குத் தேக்குச் சாய்வு நாற்காலி பிடித்துவிட்டது. சொன்ன விலையும் நியாயம்தான். ஆனால் சொன்ன விலைக்கு வாங்கிவிட்டால் என் பெயர் என்னாவது?

"ஏம்மா, பெரியவர் எதுல படுத்திருந்து போனாரு?"

அந்தப் பெண் நினைத்திருந்தால் பொய் சொல்லியிருக்கலாம். "இந்த நாற்காலியிலதான் சார்" என்றார்.

சுட்டதுபோல் கையை எடுத்தேன். வீட்டில் ஒத்துக்கொள்ள மாட்டார்களே என்று இழுத்தேன். விலை பாதியானது. லோடு ஆட்டோவில் ஏற்றிவந்து, அன்று மத்தியானமே அதில் படுத்துக் குறட்டை விட்டேன். தோஷம், சகுனமெல்லாம் வகுப்பில் கேலி செய்தே காலம் தள்ளியவன் நான்.

இன்னும் ஏதாவது மலிவாகத் தேறுமா என்று சில நாள் கழித்து மறுபடி போனேன். கட்டில் அங்கேயே கிடந்தது.

"எதிர்வீட்டக்கா வேணாம்னுட்டாங்க சார். நாற்காலியில போனவரு கட்டில்ல படுக்காமலா இருந்தாருங்கிறாங்க." பிறகு தயங்கிக் கேட்டார். "உங்க வீட்ல ஒண்ணும் சொல்லலையே?"

"எனக்கு அதுலயெல்லாம் நம்பிக்கை கிடையாதும்மா" என்றேன், பழக்க தோஷத்தில், கொஞ்சம் பெருமையாகவே.

"அப்ப அன்னைக்கு?"

விலையைக் குறைக்கத்தான் என்று சொன்னேன். அவர் உண்மை பேசியதைத்தான் நான் பாதி விலையாக்கியிருந்தேன். மீதியை எடுத்து நீட்டினேன். மறுக்காமல் வாங்கிக்கொண்டு, "இதை எதிர்வீட்ல வந்து சொல்லுங்க சார்" என்றார்.

போய்ச் சொன்னேன். எதிர்வீட்டு அம்மாள் பொறுமையாகக் கேட்டார்.

"வாத்தியாரா இருந்தவங்க நீங்க. அன்னைக்குச் சொன்னது பொய்யா, இன்னைக்குச் சொல்றது பொய்யா? நான் எதைன்னு நம்புறது?"

திரும்பி வந்தேன். கட்டிலைச் சொன்ன விலைக்கு நானே எடுத்துக்கொண்டேன். ஆனால் தஞ்சாவூரில் பள்ளிக்குப் பக்கத்தில் அந்தப் பெண் பார்த்து வைத்திருந்த வீடு, அட்வான்ஸ் வராததால், அதற்குள் வேறு யாருக்கோ போய்விட்டிருந்தது.