அரிசி டின்னில் பழுத்த காய்

எங்கள் வீட்டில் எந்தக் காயும் தானாகப் பழுத்ததாகச் சரித்திரம் இல்லை. மாங்காயோ, சீக்கு என்கிற சப்போட்டாக் காயோ, வாங்கி வந்த அன்றே அம்மா அதை அரிசி டின்னுக்குள் புதைத்துவிடுவார். அடுத்த நாள் அரிசி அளக்கும்போது விரலால் அழுத்திப் பார்த்து, “இன்னும் ரெண்டு நாளு” என்று தீர்ப்புச் சொல்வார். அது தவறியதே இல்லை. எனக்கு அப்போது ஒன்பது வயது. அம்மாவின் அரிசி டின்னால் பழுக்கவைக்க முடியாத காயும் உலகத்தில் உண்டு என்று யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்.

அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, எங்களோடு இருந்தார். ஆயர் ஈத்தாம் ஊரில் எங்கள் அடுக்குமாடி வீட்டு ஜன்னலைத் திறந்தால் கொடிமலை தெரியும். அதன் மேலே ஒரு நாற்றுப் பண்ணையில் அவருக்கு வேலை. காலையில் மலை ரயிலில் ஏறிப் போவார், சாயந்திரம் சட்டையெல்லாம் மண்ணோடு இறங்கி வருவார். நிரந்தர வேலை இல்லை. வருடத்துக்கு ஒருமுறை ஒப்பந்தக் கடிதம் வந்தால்தான் உண்டு. கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. மலையில் நிற்கிற ஒரு கிழட்டு மரத்தைத்தான் அவர் கட்டிக்கொண்டார் என்று அம்மா கிண்டல் செய்வார்.

அந்த மரத்துக்கு மலாயில் டாமார் மின்யாக் என்று பெயர். அது ஊசியிலை மரக் குடும்பம் என்று சித்தப்பா சொன்னபோது நான் நம்பவில்லை. பள்ளிப் புத்தகத்தில் ஊசியிலை மரம் என்று போட்டிருந்தது கிறிஸ்துமஸ் மரம் மாதிரி இருந்தது. இதன் இலையோ கிட்டத்தட்ட மாவிலை. பூவும் பழமும் வைக்காமல், செதில் செதிலாக அடுக்கிய கூம்புக்குள் விதையை வைத்திருந்தால் அந்தக் குடும்பம்தான் என்றார். சரி, பெரியவர் சொல்கிறார் என்று விட்டுக்கொடுத்தேன்.

மலையில் அந்த ஜாதி மரம் விரல்விட்டு எண்ணும்படிதான் மிஞ்சியிருந்தது. சித்தப்பாவின் மரத்தடியில் ஒரு கன்றுகூடக் கிடையாது. காரணத்தை அவர் சாப்பாட்டு மேசையில் சொல்லிச் சொல்லி எனக்கே மனப்பாடம். கூம்பு முற்றினால் மரத்திலேயே பிரிந்து சிதறிவிடும். இறக்கை வைத்த விதைகள் சுழன்று இறங்கி, பாதி சிமெண்டுப் பாதையில் விழும், மீதியை அணில் தின்னும். முன்னாலேயே பறித்தால் விதை முளைக்காது. பறித்த விதையைச் சேர்த்துவைக்கலாம் என்றால் அதுவும் முடியாது, காய்ந்தால் செத்துப்போகும். முந்தின வருடம் ஒரே ஒரு நாள் பிந்திப் போய் வெறும் காம்பைப் பார்த்துவிட்டு வந்தவர், இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

இந்த வருடம் விடக்கூடாது என்று மூன்று மாதம் காத்திருந்து, கயிறு கட்டி ஏறி ஒரு கூம்பைப் பறித்துவிட்டார். எட்டுகிற கிளையில் இருந்தது அது ஒன்றுதான். பறித்தது வெள்ளிக்கிழமை. அடுத்து மூன்று நாள் விடுமுறை, பண்ணைக் கொட்டகையில் அணில் தொல்லை வேறு. வீட்டுக்கு எடுத்துப் போகிறேன், என் பொறுப்பு என்று பண்ணை அதிகாரியிடம் கெஞ்சி வாங்கி வந்திருந்தார். அந்த மலாய் அம்மையாரை எல்லோரும் புவான் என்றுதான் கூப்பிடுவார்கள்.

கூம்பு ஒரு ஆரஞ்சுப் பழ அளவு இருந்தது. பச்சை நிறம், மேலே லேசாக மாவு பூத்திருந்தது, தொட்டால் பிசின் ஒட்டியது. சித்தப்பா அதை ஈரத்துணியில் சுற்றி, கூடையில் வைத்து, சமையலறை அலமாரியில் ஏற்றினார்.

“அண்ணி, இத மட்டும் யாரும் தொட வேணாம். தானா பிரியணும்.”

“உங்க வீட்டுக்காரி பெத்த புள்ளைய நாங்க ஏன் லா தொடப்போறோம்?” என்றார் அம்மா.

“கொஞ்சம் பச்சையா இருக்கு அண்ணி. ரெண்டு நாளு முந்திட்டனோன்னு பயமா இருக்கு.”

அவர் முகத்தில் அப்படி ஒரு கவலை. எனக்கோ ஆச்சரியம். பச்சையாக இருந்தால் என்ன செய்வது என்று எங்கள் வீட்டில் தெரியாதவர் உண்டா? ஈரத்துணியில் சுற்றினால் எதுவும் அழுகிப்போகும் என்று அம்மாவே எத்தனை தடவை சொல்லியிருக்கிறார்! சனிக்கிழமை மத்தியானம் அம்மா துணி காயப்போடப் போன நேரம் பார்த்து, நாற்காலியில் ஏறிக் கூம்பை எடுத்தேன். அரிசி டின்னில் முழங்கை வரை கைவிட்டு ஆழமாகப் புதைத்தேன். பழுத்ததும் எடுத்துக் கொடுத்துச் சித்தப்பாவை அசத்த வேண்டும் என்பது திட்டம்.

சாயந்திரம் துணியில் தண்ணீர் தெளிக்க வந்த சித்தப்பா காலிக் கூடையைப் பார்த்தார். அலமாரிக்கு அடியில் தேடினார், ஜன்னலில் தேடினார், கீழே குப்பைத்தொட்டி வரை போய்க் கிளறிவிட்டு வந்தார். அணில் இங்கேயும் வந்துவிட்டதா என்று அம்மா கேட்டதும் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். பெரியவர் ஒருவர் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். பயந்துபோய் அறைக்குள் ஓடிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமையும் அப்படியே போயிற்று. அன்று அப்பா ஷிப்ட் முடிந்து ரொட்டி சானாய் வாங்கி வந்ததால் அரிசி டின்னை யாரும் திறக்கவில்லை.

திங்கட்கிழமை காலை அம்மா அரிசி அளக்கப் போனவர், “ஐயோ, தம்பி!” என்று கத்தினார். டின்னுக்குள் கூம்பைக் காணோம். அரிசி மேலெல்லாம் பழுப்புச் செதில்கள், நடுவே ஒற்றை இறக்கையோடு விதைகள். சித்தப்பா ஓடி வந்து டின்னைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். என் கவுன் பாக்கெட்டில் பிசினோடு நாலைந்து அரிசி ஒட்டிக் காய்ந்திருந்தது. இரண்டு நாளாக அந்தக் கவுனைக் கழற்ற மாட்டேன் என்று நான் அடம்பிடித்ததன் காரணம் அம்மாவுக்கு அப்போதுதான் புரிந்தது. கை ஓங்கினார். சித்தப்பா குறுக்கே வந்தார்.

“ஏன் கண்ணு அரிசில போட்ட?”

“பழுக்கட்டும்னு...”

சித்தப்பா தரையில் நாளிதழை விரித்து டின்னைக் கவிழ்த்தார். “ஃபேன நிப்பாட்டுங்க அண்ணி, பறந்துரும்.” வேர்க்க விறுவிறுக்க மூன்று பேரும் உட்கார்ந்து பொறுக்கினோம். சித்தப்பா ஒரு விதையை விரலிடுக்கில் உருட்டிப் பார்த்து, “காஞ்சிருச்சு” என்று முனகினார். எனக்கு அது காதில் விழுந்ததே தவிர மனதில் ஏறவில்லை. கூம்பு எவ்வளவு அழகாகப் பிரிந்திருக்கிறது என்று உள்ளுக்குள் பெருமைதான் பொங்கியது. அம்மாவின் அரிசி டின் இந்தத் தடவையும் தவறவில்லையே!

விதைகளை ஈரப்பஞ்சில் பொதிந்துகொண்டு சித்தப்பா புவானுக்குத் தொலைபேசியில் பேசினார். “சாயா யாங் சிம்பான் டாலாம் பெராஸ், புவான்.” நான்தான் அரிசிக்குள் வைத்தேன் என்று அர்த்தம். அவ்வளவு மலாய் எனக்குத் தெரியும். தூக்கிவாரிப் போட்டது. என் யோசனையை, என் கண் முன்னாலேயே, தன் யோசனை என்று சொல்கிறார்! அதற்குப் பிறகு நெடுநேரம் “பாயேக், புவான்... பாயேக், புவான்” என்று தலையாட்டிக்கொண்டே இருந்தார். சரிங்க, சரிங்க. அந்தப் பக்கம் பாராட்டு மழை பொழிகிறது என்று நினைத்து எனக்கு அழுகையே வந்துவிட்டது. விடுமுறை நாளென்றும் பாராமல் அவர் மலையேறிப் போனார். வழியனுப்ப நான் வாசலுக்குப் போகவில்லை.

பிறகு மூன்று வாரம் அவரோடு பேசவில்லை. அவரும் அதிகம் பேசவில்லை. மாதக் கடைசியில் வர வேண்டிய கடிதம் வரவில்லை என்று அம்மாவும் அப்பாவும் தணிந்த குரலில் பேசிக்கொண்டார்கள். “வரும் லா அண்ணி” என்று சித்தப்பா சிரித்தார். என்ன கடிதம் என்று நான் கேட்கவில்லை, கோபத்தில் இருந்தேன்.

ஒரு சாயந்திரம் அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து என்னைத் தூக்கிச் சுற்றினார். பதினோரு விதை முளைத்திருந்தது. போட்டதில் கால்வாசி இருந்தால் அதிகம், ஆனால் அவர் ஆடிய ஆட்டத்துக்குக் குறைவில்லை. கடிதமும் வந்தது. அரிசி செய்த உதவியா, கூம்புக்கே நேரம் வந்துவிட்டதா என்று தெரியாது என்பார். ஆனாலும் பண்ணையில் எல்லோரும் அதைச் சித்தப்பாவின் அரிசி வைத்தியம் என்று சொல்லிச் சிரித்தார்கள். தீபாவளிக்கு வருகிற சொந்தக்காரர்களிடமெல்லாம் நான் முறையிடுவேன், என் யோசனையைச் சித்தப்பா திருடிவிட்டார் என்று. அவரும் சளைக்காமல், “ஆமா லா, திருடிட்டேன்” என்பார். எனக்குக் கல்யாணமாகும் வரை இது நடந்தது.

போன மாதம் என் மகளைக் கூட்டிக்கொண்டு மலை ரயிலில் போனேன். அந்தப் பதினொன்றில் ஏழு மரங்கள் சரிவில் நிற்கின்றன, என்னைவிடப் பல மடங்கு உயரம். ஓய்வு பெற்ற பிறகும் சித்தப்பா வாரத்துக்கு ஒருமுறை வந்து பார்க்கிறார். யார் வைத்த மரம் என்று மகள் கேட்டாள். வழக்கமான என் புகாரை முதலிலிருந்து சொல்லத் தொடங்கினேன். சனிக்கிழமை புதைத்தது, திங்கட்கிழமை பொறுக்கியது, சித்தப்பா போனில் பேசியது, பிறகு மூன்று வாரம் கழித்து முளை வந்தது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தவள், பாதியில் நின்றுவிட்டேன்.

அவர் போனில் பேசிய அந்தக் காலையில், ஒரு விதையாவது உயிரோடு இருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது.