வேட்டைக்காரனைக் கழுவக் கொடுத்தேன்

வானத்தைப் படம் எடுப்பவர்களுக்கு முதல் எதிரி மேகம். இரண்டாவது எதிரி கலர் லேப். ஃபிலிம் ரோல் காலத்தில் இந்தப் பாடு பட்டவர்களுக்கு நான் சொல்வது புரியும். அப்போது நான் புதுச்சேரியில் இயற்பியல் மாணவி. கல்லூரிக் கண்காட்சிக்கு எல்லோரும் இன்டர்நெட்டிலிருந்து நெபுலா என்கிற வண்ண விண்மேகங்களின் படங்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள். எனக்கோ, நெல்லித்தோப்பு மொட்டைமாடியிலிருந்து நானே எடுத்த ஒரு படமாவது அந்தச் சுவரில் தொங்கவேண்டும் என்று வெறி. குறி வைத்தது, இடுப்பில் மூன்று நட்சத்திரங்கள் வரிசையாக நிற்கும் ஓரியன் என்கிற வேட்டைக்காரனை.

மூடி

முதல் ரோலை எங்கள் தெரு லேபில் கழுவக் கொடுத்தேன். ஃபிலிம் வந்தது, பிரிண்ட் வரவில்லை. லேப் வைத்திருந்த ஆரோக்கியம் அண்ணன் நெகட்டிவை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். கடுகளவில் நட்சத்திரங்கள் தெரிந்தன, எனக்கு மட்டும். அவர் துக்கம் விசாரிக்கும் குரலில் கேட்டார்: “ஏம்மா, லென்ஸ் மூடியக் கழட்டிட்டுத்தானே எடுத்த?”

குத்துமதிப்பு

அடுத்த ரோலுக்கு, ஒன்றும் தெரியாவிட்டாலும் பிரிண்ட் போடுங்கள் என்று கெஞ்சினேன். போட்டார். ஆனால் இருட்டு வானத்தில் ஒரு படம் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று வெட்டுகிறவருக்கு எப்படித் தெரியும்? வேட்டைக்காரன் இடுப்புக்கு மேல் ஒரு துண்டு, கீழே ஒரு துண்டு என்று வந்து சேர்ந்தான். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அண்ணன் அசரவில்லை. “கோடே தெரியலம்மா. ஒரு குத்துமதிப்பா வெட்டிட்டேன்.”

முதல் படம்

சீனியர் ஒருத்தி வழி சொன்னாள்: ரோலில் முதல் படமாகப் பகல் வெளிச்சத்தில் ஒரு முகத்தை எடுத்துவிடு, அதிலிருந்து அளந்து வெட்டுவார்கள். அம்மாவை எடுத்தேன். அன்றைக்கு மேகம், அம்மா படம் மட்டும் அருமையாக வந்தது. சேதி பரவி, அடுத்த ரோலுக்குக் கீழ்வீட்டு மேரி அக்கா தன் தங்கையைப் பட்டுப்புடவையில் மாடிக்குக் கூட்டிவந்துவிட்டார், மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பப் படம் வேண்டுமாம். ரோலின் முப்பத்தாறில் ஒன்றுதான், மீதி வானத்துக்கு என்றேன். அக்காவுக்குக் கோபம். “ஊர்ல இல்லாத வானத்துக்கு முப்பத்தஞ்சு, எங்க பொண்ணுக்கு ஒன்னுதானா?”

டச்சிங்

அந்த ரோலில் வேட்டைக்காரன் முழுசாக விழுந்தான். பெரிய பிரிண்டுக்குக் கொடுத்துவிட்டு, கண்காட்சிக்கு முதல் நாள் வாங்கப் போனேன். பாதி வானத்தைக் காணோம். பொடி நட்சத்திரங்களை எல்லாம் கருப்பு மை தொட்டு ஒவ்வொன்றாக அழித்திருந்தார் அண்ணன். அவர் முகமெல்லாம் பெருமை. “பெருசா இருக்கற நட்சத்திரத்த விட்டுட்டேன். மத்த தூசியெல்லாம் ஒக்காந்து எடுத்துட்டேன்மா.”

எந்த ஊர் வானம்

மறுபடி போட நேரமில்லை. அதையே மாட்டினேன். இரண்டு பக்கமும் நெபுலாக்கள் பளபளக்க, நடுவில் என் கருப்பு அட்டை. வெட்கத்தில் தூணோரம் ஒதுங்கி நின்றேன். குருசுக்குப்பத்திலிருந்து மகளோடு வந்த ஓர் அம்மா, எல்லாவற்றையும் தாண்டி நடந்து வந்து என் படத்தின் முன் நின்றார். தெருவிளக்கு வெளிச்சத்தில் யார் நிமிர்ந்து பார்த்தாலும் எந்த நட்சத்திரங்கள் தெரியுமோ, அவற்றைத்தான் அண்ணன் மிச்சம் வைத்திருந்தார். அந்த அம்மா விரலை நீட்டி மகளைக் கூப்பிட்டபோது எனக்குப் பட்ட பாடெல்லாம் மறந்துபோனது. “ஏ, இங்க பாருடி, நம்ம மூணு நட்சத்திரம்! மத்ததெல்லாம் எந்த ஊரு வானமோ.”

நாலு ரோல் செலவழித்து, ஊரே ஓசியில் பார்ப்பதைச் சுவரில் மாட்டிய பெருமை எங்கள் வகுப்பில் எனக்கு மட்டும்தான்.