சிக்னல் கிடைத்த மரம்

ரிஃபானாவின் அறைக்கு ஒரே ஒரு ஜன்னல். திறந்தால் கணபதி பகுதி லேத் பட்டறைகளின் இரைச்சல் முழுதும் உள்ளே வந்துவிடும் என்பதால், வேலை நேரத்தில் அதைச் சாத்தியே வைத்திருப்பாள். அந்த அறையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, மனநல ஆலோசகராக ஐந்து வருடமாய் ஆட்களை மரத்தடிக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள்.

“ஒரு செடி வெக்க எடமில்லாத ஊட்டுல உக்காந்துட்டு ஊருக்கெல்லாம் மரத்தக் காட்டறயே கண்ணு,” என்பார் அவளுடைய அத்தா அப்துல் குத்தூஸ்.

“அவங்க ஊட்டுப் பக்கம் மரம் இருக்குதுல்லத்தா,” என்பாள்.

முன்பு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தபோது, அறைக்குள் வாயே திறக்காதவர்கள் வெளியே வேப்பமரத்து பெஞ்சில் தாமாகவே பேசுவதைக் கவனித்திருந்தாள். அதிலிருந்து பிறந்ததுதான் அவள் முறை. வருபவர் வீட்டருகே ஒரு மரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதனடியில் உட்கார்ந்து ஐம்பது நிமிடம் போனில் பேச வேண்டும், வீடியோ கிடையாது. மரத்தில் அன்று கண்ணில் பட்டதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதெல்லாம். சிகிச்சை முடியும்வரை அந்த மரத்தை வெட்டவோ கிளை கழிக்கவோ கூடாது. நிலையாக நிற்கும் ஒன்றின் பக்கத்தில் இருந்தால் மனதும் மெல்ல நிற்கும் என்று அவள் நம்பினாள்.

தொண்டாமுத்தூர் வேலுமணியைச் சேர்த்துவிட்டது பெங்களூரில் இருக்கும் அவர் மகள் மதிவதனி. மனைவி இறந்தபின் அவர் யாரோடும் பேசுவதில்லை. மிச்சமிருந்தது தென்னந்தோப்பு ஒன்றுதான். அவர் தேர்ந்தெடுத்தது மோட்டார் ரூமை ஒட்டிய தென்னை. காரணம் கேட்டதற்கு, “இங்கதானுங்க சிக்னல் கெடைக்குது,” என்றார்.

இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, ஒரு வருடத்துக்கு மேல் பேசினார். “மட்டை மஞ்சளாவுதுங்க” என்பார். “ஓலையெல்லாம் உள்ள சுருங்கிக்குதுங்க” என்பார். ரிஃபானா ஒவ்வொரு முறையும் மெதுவாக, “அந்த மஞ்சளையும் அப்படியே பாருங்க. அதை மாத்த வேண்டாம், கூட இருங்க,” என்றாள். துக்கத்தை மரத்தின் வழியாகப் பேசுகிறார் என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள்.

ஆனி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, கண்ணில் பட்டதைச் சொல்லச் சொன்னபோது அவர் கொஞ்சம் தயங்கினார்.

“ஏனுங்க அம்மணி, தப்பா எடுத்துக்காதீங்க. இந்த மரத்த வெட்டோணுமுங்க. ஆளு வந்துட்டான்.”

“என்ன ஆச்சுங்கய்யா?”

“வேர்வாடல் நோவுங்க. போன வருசமே வேளாண்மை ஆபீசர் வந்து இத மொதல்ல எடுத்துப்போடுன்னாரு. பூச்சி பக்கத்து மரத்துக்குக் கொண்டுபோயிருமாம். இப்ப வாய்க்கா வரைக்கும் வந்துபோச்சுங்க.”

ரிஃபானா ஹெட்போனை இறுக்கிப் பிடித்தாள். “அப்பவே ஏன் சொல்லலீங்க?”

“நீங்க வெட்டக்கூடாதுன்னு சொல்லிப்போட்டீங்களே. படிச்ச புள்ள, காரணமில்லாமயா சொல்லுமுன்னு வுட்டுப்போட்டேன். மஞ்சளாவுதுன்னு ஒவ்வொரு தடவையும் சொன்னனுங்களே.”

அந்தக் குரலில் கோபத்தைத் தேடினாள். இருந்திருந்தால் பற்றிக்கொண்டு பேசியிருக்கலாம்.

“எத்தனை மரங்கய்யா?”

“முப்பத்தெட்டுங்க. மிச்சத்தையும் பாத்துத்தான் சொல்லோணும்னாரு ஆபீசரு.”

“என்னோட தப்புங்கய்யா. அந்த விதிய வெச்சதே நான். உங்க தோட்டத்தப் பத்தி ஒரு வார்த்தை நான் கேட்டிருக்கணும்.”

“அட, வுடுங்க. உங்களுக்கென்னங்க தெரியும், டவுன்ல இருக்கறவிய. நானாவது வாயத் தொறந்திருக்கோணும். நீங்க மனசு சங்கடப்படுவீங்கன்னு இருந்துட்டேன்.”

தூரத்தில் யாரோ மரம் அறுக்கும் வாளின் மோட்டாரை இழுத்து ஓடவைத்தார்கள். வேலுமணி நகரவில்லை போலும், நகர்ந்தால் சிக்னல் போய்விடும். சத்தம் ஏறி, திணறி, மறுபடி ஏறியது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஆறுதல் சொல்வதுதான் அவள் தொழில். சொல்லலாம் என்று நினைத்த ஒவ்வொரு வாக்கியத்திலும் ஒரு மரம் இருந்தது.

“தள்ளி நில்லுங்கய்யா, அந்தப் பக்கம் விழுந்துறப் போகுது,” என்று மட்டும் சொன்னாள்.

“சரிங்க.”

மதிவதனியிடம் இன்றே பேசுவதாகவும், அவர் நேரில் போய்ப் பார்க்கக்கூடிய ஆலோசகர் ஒருவரை ஏற்பாடு செய்வதாகவும் சொன்னாள். அதற்கும் சரிங்க என்றார். பிறகு அந்தப் பக்கம் எதுவோ கனமாக விழுந்தது.

“அம்மணி, லைன்ல இருக்கீங்களா?”

“இருக்கேங்கய்யா.”

“அடுத்த தடவைக்கு எந்த மரத்தடியில உக்காரட்டுமுங்க?”

அவர் கிண்டல் செய்யவில்லை. பதிலுக்குக் காத்திருந்தார்.