பைக்குக்குள் போன டீ வடிகட்டி

போன ஞாயிறு என் மகள் ரோஷினியைப் பெண் பார்க்க றொசல்லயிலிருந்து வந்தார்கள். ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. "இன்னைக்கு மட்டும் அந்த பைக்க தொடாதீங்க" என்று என் மனைவி ஸ்டெல்லா காலையிலேயே கும்பிடாத குறையாகக் கேட்டாள்.

அந்த பைக்... எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்கார துரை தேயிலைத் தோட்டத்தில் விட்டுப்போனது. பள்ளிக்கூட மாஸ்டரான நான் அதை வின்டேஜ் என்கிறேன். ஸ்டெல்லா பழைய இரும்பு என்கிறாள்.

லட்டு வாங்கத் தலவாக்கலைக்குப் போக வேண்டும். எங்கள் லிந்துலையிலிருந்து பஸ் இருக்கிறது. ஆனால் வின்டேஜ் வைத்திருப்பவன் பஸ்ஸில் போவானா? உதைத்தேன். ஒரு இருமல் — அப்புறம் மூச்சே இல்லை. கழற்றிப் பார்த்தால் பெட்ரோலைத் திறந்துவிடும் டேப்பின் ஃபில்டர் கிழிந்து, டேங்க்கில் இருந்த துரு முழுக்க கார்பரேட்டருக்குள் போயிருந்தது. புது ஃபில்டருக்கு ஹட்டன் கடையில் முன்பே கேட்டிருக்கிறேன். "சேர், அந்த சாமான் எங்கப்பா காலத்திலயே நின்னுபோச்சு" என்று சிரித்தார்கள்.

அப்போதுதான் அடுப்படியில் அது கண்ணில் பட்டது. ஸ்டெல்லாவின் ஸ்டீல் டீ வடிகட்டி! வலையை மட்டும் வெட்டினேன், குழாயாகச் சுருட்டினேன், செப்புக் கம்பியால் டேப்பில் கட்டினேன். கார்பரேட்டரைக் கழுவி மாட்டியதும் ஒரே உதையில் ஸ்டார்ட்.

லட்டோடு திரும்பினால், வந்தவர்கள் டீ குடித்துக்கொண்டிருக்கிறார்கள். மாப்பிள்ளையின் அப்பா யார் தெரியுமா? தேயிலைத் தொழிற்சாலையில் தூள் தயாரிப்பையே கவனிக்கிற டீமேக்கர்! அவர் கோப்பையில் தூள் மிதக்கிறது. உலகத்துக்கே தேயிலை அனுப்புகிற ஊரில், அதை வடிகட்ட என் வீட்டில் வழியில்லை. வெட்கத்தில் லட்டுப் பெட்டியை எங்கே வைப்பதென்றே தெரியவில்லை.

மாப்பிள்ளையின் அம்மா நாக்கில் ஒட்டிய தூளை விரலால் எடுத்தார்.

"ஏங்க, வடிகட்டுற பழக்கம் இல்லீங்களா?"

ஸ்டெல்லா உள்ளே போய், வலையில்லாத வெறும் வளையத்தைக் கொண்டுவந்து காட்டினாள். "இருந்துச்சுங்க. இப்ப இவரு பைக்குல இருக்கு."

மூன்றாவதும் போச்சு என்றுதான் நினைத்தேன். ஆனால் டீமேக்கர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

"எந்த பைக்குங்க?"

அவ்வளவுதான். இருவரும் முற்றத்தில் குந்திவிட்டோம். டேப்பைக் கழற்றிக் காட்டச் சொன்னார், காட்டினேன். அவரே திரும்ப மாட்டிப் பார்த்தார். கையெல்லாம் பெட்ரோல், முகமெல்லாம் சிரிப்பு. "மாஸ்டர், நம்ம ரெண்டு வீட்டுக்கும் சரியா வரும்ங்க" என்றார். ஒரு கல்யாணத்தை முடிவு செய்ய ஆண்களுக்குத்தான் எவ்வளவு ஆழமான காரணங்கள்!

அவர்கள் போனதும், சம்பந்தத்தையே பைக்தான் முடித்துக் கொடுத்தது என்ற பெருமையோடு மகளிடம் கேட்டேன்.

"மாப்பிள்ளைய புடிச்சிருக்காம்மா?"

"புடிச்சிருக்குப்பா. நீங்க ரெண்டு பேரும் கழட்டி மாட்டுன நேரம் பூரா, அவரு ஒரு தடவகூட அந்தப் பக்கம் எட்டிப் பாக்கல."