ரப்பர் சார்

முதலில் பெயரோடுதான் எழுதுவார். ‘மேனேஜர் ஆர்டரை நிறுத்தினார்’ என்று ஆங்கிலத்தில், பென்சிலால். பிறகு அந்த வாக்கியத்தைத் தலைகீழாகத் திருப்பிப் போடுவார். இப்போது ஆர்டர் முன்னால் வந்துவிடும். செய்த மனுஷன் ‘பை மேனேஜர்’ என்று வாலில் தொங்குவார். அந்த வாலை மட்டும் ரப்பரால் அழித்து, பொடியை ஊதிவிட்டு, டைப்புக்கு அனுப்புவார். ஆர்டர் நிறுத்தப்பட்டது. அவ்வளவுதான்.

முப்பது வருடமாக எங்கள் தொழிற்சாலையின் கடிதங்களும் அறிக்கைகளும் இவர் கைவண்ணம். நான் எதிர் மேசையில் தபால் அனுப்புகிறவன். ‘ரப்பர் சார்’ என்று பெயர் வைத்தது நான்தான். அவருக்கு அதில் பெருமை.

“செஞ்சவன் பேரு எதுக்குங்க? வேலை நடந்துச்சா, அதைச் சொன்னாப் போதும்” என்பார். ஒருமுறை அவருடைய குடையை இரவல் வாங்கிப்போய் பஸ்ஸில் விட்டுவிட்டேன். “குடை தொலைக்கப்பட்டிருக்கு, விடுங்க” என்றார். வயிறு வலிக்கச் சிரித்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

போன மாதம் பிரஸ் மெஷினில் ஒருவருக்கு வலது கையில் மூன்று விரல்கள் போயின. கை உள்ளே போகாமல் தடுக்கும் கம்பி வலையை, வேலை வேகமாக நடக்கட்டும் என்று கழற்றச் சொன்னவர் மேனேஜர். ஷிஃப்டில் இருந்த அத்தனை பேரும் கேட்டார்கள். விரல் போனவர் ரப்பர் சாரின் தங்கை கணவர். அறிக்கையில் மேனேஜர் பெயர் வந்தால் நஷ்டஈடும் உட்கார்ந்து பார்க்கும் வேலையும் கிடைக்கும். வராவிட்டால் விரல் போனவரின் கவனக்குறைவு என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

தங்கை ஆபீசுக்கே வந்துவிட்டாள்.

“பொய் எழுதச் சொல்லலண்ணா. கழட்டச் சொன்னது யாருன்னு ஒரே ஒரு வரி எழுது.”

“எழுதறேம்மா. நீ அழாம வீட்டுக்குப் போ.”

அன்று முழுவதும் அவர் ரப்பரைத் தொடவே இல்லை. நானும் மனதுக்குள் அவரை மெச்சிக்கொண்டேன். அறிக்கை டைப்பாகி என் மேசைக்கு வந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. இந்த முறை பெயரைப் பென்சிலால்கூட எழுதவில்லை. எடுத்த எடுப்பிலேயே ‘வலை கழற்றப்பட்டிருந்தது’ என்று எழுதியிருக்கிறார்.

“என்ன சார் இது?” என்றேன்.

“எனக்கு ரிட்டயராக எட்டு மாசம் இருக்கு. நான் எழுதலைன்னா வேற ஒருத்தன் இதையேதான் எழுதப்போறான்.”

தூ என்று இருந்தது. ஆனால் அதற்கு நம்பர் போட்டு, உறையில் போட்டு ஒட்டி அனுப்பி வைத்தவன் நான்தான்.

மறுநாள் தங்கை வந்து நகலை வாங்கிக்கொண்டாள். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. மேலிருந்து கீழ்வரை ஒவ்வொரு வரியாகத் தடவிப் பார்த்தாள்.

“இதுல அந்த ஆளு பேரு எங்கண்ணா இருக்கு?”

ரப்பர் சார் காகிதத்தை வாங்கினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். பிறகு, கடைசி வரிக்கும் கீழே மேனேஜர் கையெழுத்துப் போட்டிருந்த இடத்தில், பெயரின் மேல் விரலை வைத்துக் காட்டினார்.