இடுப்பில் செருகிய கொப்பு

சாமியாத்தாள் அக்கா எந்த வீட்டுக்குப் போனாலும் வெறுங்கையோடு திரும்பியதில்லை. கல்யாண வீடோ இழவு வீடோ, வெளியே வரும்போது இடுப்புச் சேலையில் ஒரு செடிக் கொப்பு செருகியிருக்கும். மதுக்கரையில் நாங்கள் ஒரே காம்பவுண்டில் குடியிருக்கிறோம். என் தையல் மிசின் சன்னலோரம் இருப்பதால் பல வருடமாக இதைப் பார்த்து வருகிறேன்.

"கேட்டுட்டு ஒடிக்கக் கூடாதுங்களாக்கா?" என்பேன்.

"கேட்டு வாங்குனா வேர் புடிக்காது அம்மணி!" என்று சிரிப்பார்.

ஒரு கல்யாண மண்டபத்திலிருந்து அப்படி வந்ததுதான் அந்தச் செடி. தடித்த தண்டு, வெள்ளைப் புள்ளி விழுந்த பெரிய இலை. பெயர் யாருக்கும் தெரியாது. சேம்பு இனம்தான் என்று சொல்லி அக்கா அதைச் சமையலறை வாசலில் வைத்தார்.

அக்காவுக்குப் பிள்ளை இல்லை. மாடியில் குடியிருக்கும் ஹாரிகா, கம்பெனி வேலைக்குப் போகும்போது ஒன்றரை வயது மகள் நிதாவை அவரிடம் விட்டுப் போவாள். நிதா வந்த பிறகு அக்காவின் நடையில் ஒரு துள்ளலே வந்துவிட்டது.

போன ஆடியில் ஒரு காலை, வீல் என்று அலறல் கேட்டது. அக்கா வீட்டுக்கு ஓடினேன். நிதாவின் கையில் பாதி இலை. உதடு தடித்து, எச்சில் நிற்காமல் வழிகிறது. நாக்கை உள்ளே இழுக்க முடியவில்லை.

"சேம்பு அரிப்புதான் கண்ணு, புளித்தண்ணி குடிச்சா அடங்கிரும்" என்று அக்கா அவசரமாகப் புளியைக் கரைத்தார். கருணைக்கிழங்கு அரித்தால் எங்கள் பக்கம் புளிதான் மருந்து. ஆனால் பிள்ளைக்கு எச்சிலே இறங்கவில்லை. டம்ளர் வாயருகே போய்விட்டது.

"ஊத்தாதீங்க்கா! புரையேறிப்போயிரும்! ஆஸ்பத்திரிக்குக் கெளம்புங்க!" என்று கத்தினேன். அந்தச் சத்தத்துக்கு எதிர் வீட்டு சுரேந்தர் ஆட்டோவை எடுத்துவிட்டான்.

ஆட்டோவில் அக்கா மடியில் நிதா. நான் ஈரத்துணியால் அவள் வாயைத் துடைத்துக்கொண்டே வந்தேன். மூச்சு கரகரத்தது.

"முன்னாடி லாரி நிக்குதுங்க்கா!" என்றான் சுரேந்தர்.

"சந்துல பூந்து போ சாமி! நீ ஓட்டற லட்சணத்துக்கு எரும மாடே முந்திப்போயிரும்!" என்று அக்கா விரட்டினார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா முதலில் கேட்டது, "என்ன செடி?"

"பச்சையா இருக்குமுங்க..." என்று அக்கா திணறினார்.

"எல்லாச் செடியும் பச்சைதாம்மா!"

அப்போதுதான் பார்த்தேன். அக்காவின் இடுப்பில் ஒரு கொப்பு! அந்தப் பதற்றத்திலும் கை பழக்கத்தில் ஒடித்துச் செருகியிருக்கிறது. "இதுதானுங்க!" என்று காட்டினேன். டாக்டரம்மா கையுறையோடு அதை வாங்கினார். பார்த்ததும் தெரிந்துவிட்டது.

"டம்ப் கேன். அழகுக்கு வைக்கறது. கடிச்சா வாயும் தொண்டையும் வீங்கும். மூச்சு அடைக்காமப் பாத்துக்கணும். ஏதாவது குடுத்தீங்களா?"

"இல்லீங்க."

"நல்லதாப் போச்சு."

சாயங்காலம் வீக்கம் வடிந்தது. நிதா கண்ணைத் திறந்து, அக்காவைப் பார்த்து "ஆத்தா" என்றாள். அக்கா சத்தமாகச் சிரித்தார், கூடவே அழுதார். கொப்பின் சாறு பட்ட அவர் இடுப்பு சிவந்து தடித்திருந்தது. நர்ஸ் சொல்லும்வரை அவர் அதைக் கவனிக்கவே இல்லை.

தகவல் தெரிந்து கம்பெனியிலிருந்து ஓடிவந்திருந்த ஹாரிகா மகளை அணைத்தபடி கேட்டாள், "ஏனுங்க்கா, செடி வேணுமா, எம் புள்ள வேணுமா?"

"இதென்ன கேள்வி அம்மணி! புள்ளதான்!"

அந்தச் செடி இப்போது எங்கள் காம்பவுண்டில் இல்லை. கொப்பு ஒடிப்பதை அக்கா விடவில்லை. ஆனால் நர்சரியில் காட்டி விசாரிக்காமல் எதையும் நடுவதில்லை. நிதா தினமும் காலையில் அக்கா வீட்டுக்குத்தான் வருகிறாள்.